எட்டுப் பேருக்கான மேஜை

பல் டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவளைத்தான் பார்த்தாக வேண்டும். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் எதிரே ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு தடித்த நோட்டு, நோட்டுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு அவள். பதினோரு வருஷத்தில் டாக்டர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், அவள் மாறவில்லை. யாருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று தீர்மானிக்கிறவள் அவள். வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை உடனே உள்ளே அனுப்பிவிடுவாள். "நான் யாருன்னு தெரியுமா?" என்று குரலை உயர்த்துகிறவருக்குச் சிரித்த முகத்தோடு மதியம் இரண்டரை மணி கொடுப்பாள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்த டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஊசியை எடுக்கிற நேரம் அது.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. நோட்டில் பத்தரை என்று எழுதினால், வருகிறவர் கையில் கொடுக்கிற அட்டையில் பத்து பத்து என்று எழுதுவாள். மனிதப் பிறவி என்றால் இருபது நிமிஷம் தாமதமாகத்தான் வரும் என்பது அவள் கண்டுபிடிப்பு. இந்த வழக்கம் மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டது. பஸ், சினிமா, பள்ளிக்கூட ஆண்டு விழா, எதுவானாலும் இருபது நிமிஷம் முன்னதாகத்தான் சொல்வாள். வீட்டாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கொழுந்தன் அதற்கு 'அண்ணி டைம்' என்று பெயர் வைத்துவிட்டான். அவள் ஏழு என்றால் எல்லோரும் ஏழு இருபதுக்குத்தான் செருப்பைத் தேடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவளுக்குப் பெயர் பெரியவள், மூத்த மருமகள் என்பதால். மாமனாரின் கண் பரிசோதனையிலிருந்து தண்ணீர்த் தொட்டி கழுவுவதுவரை எது எப்போது என்று அவளைக் கேட்காமல் அந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்பு கொழுந்தனைக் கட்டிக்கொண்டு சின்னவள் வந்து சேர்ந்தாள்.

சின்னவளிடம் எடுத்துச் சொல்லக்கூடிய குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். எதற்கும் நேரத்துக்கு வரமாட்டாள். அதையும் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. "அவ அப்படித்தான்" என்று மாமியார் சிரித்துக்கொள்வார். இதே மாமியார், ஒருநாள் பெரியவள் ஐந்து நிமிஷம் பிந்தி வந்தபோது, "நீயே லேட்டா வந்தா எப்படிம்மா?" என்று கேட்டார். அந்த 'நீயே' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே தங்கிவிட்டது. வீட்டுக்காக ஓடி ஓடிச் செய்கிறவளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆடி அசைந்து வருகிறவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

அதுகூடப் போகட்டும். மகள் விஷயம்தான் அவளால் பொறுக்க முடியாதது. ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுச் சித்தியின் அறைக்குத்தான் ஓடுவாள். சின்னவள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அவளுக்கு விதவிதமாகப் பின்னல் போட்டுவிடுவாள். பக்கத்தில் சின்னவளின் மூன்று வயதுப் பையன், எல்லோருக்கும் அவன் 'குட்டி', சீப்பைக் கடித்துக்கொண்டிருப்பான். உள்ளே என்னதான் பேசுவார்களோ, சிரிப்புச் சத்தம் சமையலறைவரை கேட்கும். பெரியவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அந்தச் சத்தம் அங்கே யார் காதிலும் விழுந்ததில்லை. இரவு படுக்கும்போது பின்னலை அவிழ்க்கப் போனால், "இருக்கட்டும்மா, சித்தி போட்டது" என்று மகள் தலையைத் திருப்பிக்கொள்வாள். பெரியவளுக்கு வயிறு எரியும். இதற்குக் கவலை என்றும், பிள்ளை படிப்பு கெடுகிறது என்றும் அவள் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். சுத்தமான பொறாமை அது. பூசி மெழுக என்ன இருக்கிறது?

இந்த நிலையில்தான் அண்ணனும் தம்பியும் சேர்ந்து, குடும்பத்தோடு அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு நாலு நாள் போகலாம் என்று முடிவு செய்தார்கள். மாமனார், மாமியார், பெரியவள் வீட்டில் மூன்று பேர், சின்னவள் வீட்டில் மூன்று பேர், ஆக எட்டுப் பேர். ராட்டினங்களுக்கு டிக்கெட் வாங்கினால் போதும், சாப்பாட்டுக்கு அப்படியில்லை. பூங்காவுக்குள் இருக்கிற நல்ல சாப்பாட்டுக் கடைகளில் மேஜை வேண்டுமென்றால் நாற்பத்தைந்து நாள் முன்னதாக, காலை ஏழு மணிக்குக் கணினியில் முன்பதிவு திறக்கும்போது பிடிக்க வேண்டும். ஏழு ஐந்துக்குப் போனால் கை கழுவ இடம்கூட மிஞ்சாது.

"இதெல்லாம் பெரியவ பாத்துப்பா" என்றார் மாமியார்.

பாத்துக்கொண்டாள். ஒரு மாசம் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போனது. பூங்காவின் வரைபடத்தை நோட்டில் ஒட்டினாள். நீலப் பேனாவில் காலை, பச்சையில் மதியம், சிவப்பில் இரவு, கிடைக்காவிட்டால் மாற்று ஏற்பாடு கறுப்பில். மாமனாருக்குப் படி ஏற முடியாது, குட்டிக்குக் காரம் ஆகாது, கணவனுக்கு வெயிலில் வரிசையில் நின்றால் தலைவலி வரும், எல்லாம் ஓரத்தில் குறிப்பாக இருந்தது. எட்டிப் பார்த்த டாக்டர், "என்ன, போருக்குக் கிளம்பறீங்களா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

மகள் கேட்டது ஒன்றே ஒன்று, கரடி ராஜா விருந்து. பூங்காவின் நடுவில் ஒரு கோட்டை. அதன் மாடியில் சாப்பாட்டுக் கூடம். மாலை ஆறே முக்காலுக்குக் கரடி வேஷம் போட்ட ராஜா வெளியே வந்து, மேஜை மேஜையாகப் போய்ப் பிள்ளைகளின் தலையில் காகிதக் கிரீடம் வைத்து ஆடுவார். அந்தப் படத்தை மகள் பள்ளிக்கூடத்தில் யாரிடமோ பார்த்துவிட்டு வந்திருந்தாள். இதை மட்டும் செய்து கொடுத்துவிட்டால் போதும், அந்தப் பெண் தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீதான்மா" என்று சொல்லிவிடும் என்று பெரியவள் நம்பினாள். நாற்பது வயதுப் பெண்மணி, கரடி வேஷக்காரனை நம்பிக் காத்திருந்தாள்.

முன்பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினாள்.

"பாரு, கரடி ராஜாவுக்கு நாளைக்கு அம்மா எடம் பிடிக்கப் போறேன். ஜன்னல் பக்கம். அங்கதான் மொதல்ல வருவாராம்."

மகள் கண்ணை விரித்துப் பார்த்தாள். "அம்மா, நான் சித்தி பக்கத்துல உக்காரணும். கரடி வரும்போது நானும் சித்தியும் ஒரே மாதிரி பின்னல் போட்டுக்கப் போறோம். ஃபோட்டோ நீ எடும்மா, சரியா?"

"சரி" என்றாள் பெரியவள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஏழு அடித்ததும் திரை திறந்தது. பதினோரு வருஷம் நேரம் கொடுத்துப் பழகிய விரல்கள் மளமளவென்று வேலை செய்தன. மற்ற சாப்பாடெல்லாம் எட்டுப் பேருக்கும் நினைத்தபடியே கிடைத்தது. கடைசியில் கரடி ராஜா. எத்தனை பேர் என்று கேட்டது. எட்டு என்று அழுத்தினாள். ஆறு மணி, ஜன்னலோரம், எட்டுப் பேருக்கு ஒரே மேஜை இருக்கிறது என்று பச்சையாகக் காட்டியது.

உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி. அவள் கண்ணுக்கு அந்த மேஜை அப்படியே தெரிந்தது. ஒரு பக்கம் ஒரே மாதிரிப் பின்னலோடு மகளும் சின்னவளும் சிரிக்கிறார்கள், எதிர்ப்பக்கம் இவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஃபோட்டோ எடுக்கிறாள். ஒரு மாசம் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு நோட்டு எழுதியது இதற்குத்தானா?

எட்டை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டாள். ஆறு மணி, ஜன்னலோரம். தன் வீட்டு மூன்று பேர், மாமனார், மாமியார். பிறகு மூன்று பேருக்குத் தனியாக ஆறரை மணிக்கு ஒரு மேஜை கிடைத்தது, தூணுக்குப் பின்னால்.

காலைச் சாப்பாட்டின்போது வீட்டாரிடம் சொன்னாள். "எல்லாம் கெடச்சிருச்சு. கரடி ராஜாவுல மட்டும் ஒரு மேஜைக்கு ஆறு பேர்தானாம். அதான் ரெண்டா பிரிக்க வேண்டியதாப் போச்சு."

மகளின் முகம் தொங்கிப்போனது. சின்னவள்தான் அவளைத் தேற்றினாள். "அதனால என்னடா? கரடி உன்கிட்ட வந்துட்டு அப்புறம் எங்ககிட்ட வரப்போகுது. அக்கா, எங்களுக்கும் சேத்து எடம் பிடிச்சீங்களே, அதுவே பெரிசு. நானா இருந்தா மறந்தே போயிருப்பேன்."

நன்றி வேறு சொல்கிறாள். பெரியவள் பாதி ரொட்டியோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்றைக்கே நாலு நாள் அட்டவணையைச் சுத்தமாக எழுதிக் குடும்பத்தார் எல்லோருக்கும் ஃபோனில் அனுப்பினாள். வழக்கம்போல ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இருபது நிமிஷம் முன்னதாக எழுதினாள். ஆறு மணி மேஜை ஐந்து நாற்பது ஆனது. அதற்கு அடுத்த வரி மட்டும், சின்னவள் வீட்டு மூன்று பேருக்கான வரி மட்டும், ஆறு முப்பது என்றே போய்விட்டது. மறந்ததா, மனசு மறக்க வைத்ததா என்று பிற்பாடு அவள் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள்.

பூங்காவில் முதல் இரண்டு நாளும் அவள் போட்ட கணக்கு இம்மி பிசகவில்லை. அடுத்தவர்கள் பசியோடு வரிசையில் நிற்க, இவர்கள் நேராக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். "பெரியவ இல்லைன்னா நாம பட்டினிதான்" என்று மாமனார் ஒருதரம் சொன்னார். அதைக் கேட்க வேண்டிய மகள் அப்போது சித்தியோடு கை கழுவப் போயிருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் குட்டி வெயிலில் சுருண்டுவிட்டான். அவனைத் தூங்க வைக்கச் சின்னவளும் கொழுந்தனும் தங்கும் அறைக்குப் போனார்கள். "சாயங்காலம் நேரா கோட்டைக்கு வந்துர்றோம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள் சின்னவள். போவதற்கு முன்னால் மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டுத்தான் போனாள்.

மற்ற ஐந்து பேரும் ஆறு மணிக்கு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார்கள். கீழே பூங்காவின் நடைபாதையும் பெஞ்சுகளும் தெரிந்தன. கூடம் நிரம்பி வழிந்தது. சூப் வந்தது. மகள் சூப்பைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறரை ஆனது. தூணுக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன.

"சின்னவ இன்னும் வரலையே" என்றார் மாமியார்.

"அண்ணி டைம்ல வருவாங்க" என்று கணவன் சிரித்தான்.

அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது. மடியில் வைத்திருந்த ஃபோனில் அட்டவணையைத் திறந்து பார்த்தாள். ஆறு முப்பது. அவர்கள் அதை ஆறு ஐம்பது என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் மேஜையை வைத்திருக்க மாட்டார்கள் என்று நோட்டில் சிவப்பு மையில் அவளே எழுதியிருந்தாள். ஃபோன் கையிலேயே இருக்கிறது. ஒரு அழுத்து அழுத்தி, "உடனே ஓடி வாங்க" என்று சொன்னால் போதும்.

அவள் ஃபோனைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

வரட்டும், ஒரு தடவையாவது லேட்டாக வந்து அதன் பலன் என்னவென்று தெரியட்டும் என்று நினைத்தாள். ஆறு நாற்பதுக்கு, வாசலில் மேஜை ஒதுக்கும் பெண் தூணுக்குப் பின்னால் வேறொரு குடும்பத்தை உட்கார வைத்தாள். பெரியவள் அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் செய்தது சரிதான். இவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

ஆறு நாற்பத்து மூன்றுக்குச் சின்னவள் படியேறி வந்தாள். இடுப்பில் குட்டி, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கொழுந்தன். மகளுக்குப் போட்டுவிட்ட அதே பின்னலைத் தானும் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அக்கா, பாத்தீங்களா? வாழ்க்கையில மொத தடவையா ஏழு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன்" என்றாள் சின்னவள். முகமெல்லாம் சிரிப்பு.

வாசல் பெண் பதிவைப் பார்த்தாள். "மூணு பேர், ஆறரை. மன்னிச்சிருங்க, அந்த மேஜைய வேற ஆளுங்களுக்குக் கொடுத்தாச்சு. இனிமே இன்னிக்கு எடம் இல்ல."

"ஆறரையா? அண்ணி டைம்னு நெனச்சோமே" என்று கொழுந்தன் தலையைச் சொறிந்தான். குட்டியைத் தூக்கிக்கொண்டு, கரடி தெரிகிறதா என்று பக்கவாட்டுக் கதவின் பக்கம் போய்விட்டான்.

"எங்க குடும்பம் அங்க உக்காந்திருக்கு. அதே மேஜைல மூணு நாற்காலி போட முடியாதா?" என்று சின்னவள் கேட்டாள்.

"முடியாதுங்க. கரடி நடக்க வழி வேணும்ல. எல்லாரும் ஒரே குடும்பம்னா எட்டுப் பேருக்கு ஒரே மேஜையா போட்டிருக்கலாமே? பத்துப் பேர் வரைக்கும் கொடுக்கறோம்."

சின்னவள் பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் பெரியவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோபமாக இருந்திருந்தால் பெரியவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். சின்னவள் முகத்தில் கோபம் இல்லை. யாரோ தன் காலை மிதித்துவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பதுபோல் நிற்க, அது யார் என்று கண்டுபிடித்துவிட்டவளின் முகம் அது.

"குட்டிக்குப் பசி வந்துரும்க்கா. நாங்க கீழ ஏதாவது சாப்பிட்டுக்கறோம்" என்றாள் சின்னவள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அத்தைகிட்ட நாங்க லேட்டா வந்துட்டோம்னு சொல்லிருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள்.

அதற்குள் மகள் ஓடி வந்துவிட்டாள். "சித்தி, எங்க போறீங்க?"

"எங்களுக்கு எடம் இல்லடா. நீ போய் உக்காரு, கரடி வரப்போகுது."

"அப்ப நானும் வரேன்."

"ஏய், இரு. இப்ப வந்துருவார் கரடி ராஜா. உனக்காகத்தானே..." என்று பெரியவள் அவள் கையைப் பிடித்தாள்.

மகள் கையை உருவிக்கொண்டாள். முரட்டுத்தனமாகக்கூட இல்லை. "நீ பாரும்மா" என்று சொல்லிவிட்டுச் சித்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பெரியவள் மேஜைக்குத் திரும்பினாள். மாமியார் விசாரித்தார். "லேட்டா வந்துட்டாங்க, எடம் போயிருச்சு. புள்ளையும் அவங்க பின்னாடியே போயிட்டா" என்றாள்.

மாமியார் முகம் சுளித்தார். "என்ன பொண்ணு இவ. ஒரு நாளாவது நேரத்துக்கு வரக் கூடாதா? அந்தப் புள்ளையோட ஆசையும் மண்ணாப் போச்சு."

ஐந்து வருஷமாகப் பெரியவள் காதில் விழ வேண்டும் என்று ஏங்கிய வார்த்தை இதுதான். விழுந்துவிட்டது. தேனாக இனிக்கும் என்று நினைத்திருந்தாள். ஆறிப்போன சூப்பின் வாசனைதான் வந்தது.

முரசுச் சத்தம் கேட்டது. கதவு திறந்து கரடி ராஜா வந்தார். சொல்லி வைத்ததுபோல் முதலில் இவர்கள் மேஜைக்குத்தான் வந்தார். நாலு பெரியவர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். குழந்தை யாரும் இல்லை. என்ன செய்வார் பாவம், கையிலிருந்த கிரீடத்தைப் பெரியவள் தலையில் வைத்துவிட்டு இரண்டு சுற்று ஆடிவிட்டுப் போனார். கணவன் ஃபோட்டோ எடுத்தான்.

ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் அந்த நாலு பேரும் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்திலிருந்து உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டிருந்தார்கள். சின்னவள் எதையோ சொல்ல, மகள் குனிந்து குனிந்து சிரித்தாள். ஒரே மாதிரி இரண்டு பின்னல்கள்.

மேலே மாமியாரின் கோபம் அதற்குள் கரைந்துவிட்டது. "பாவம், பச்சப் புள்ளைய வச்சிக்கிட்டு வெறும் கெழங்கத் திங்கறா. அவ அப்படித்தான், மனசுல கள்ளம் கெடையாது. இந்த ரொட்டிய எடுத்து வைம்மா அவளுக்கு."

பெரியவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பழியைச் சுமந்த மூன்றாவது நிமிஷமே மன்னிப்பு. இனி சின்னவள் வாயைத் திறக்க மாட்டாள். இன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொல்லாமல், இதே சிரிப்போடு அக்கா அக்கா என்று வந்து நிற்பாள். அவள்மேல் எரிச்சல்படுகிற உரிமைகூட இனி இவளுக்கு இல்லை. பெருந்தன்மை என்கிற அந்த ஒன்று மிச்சம் இருந்தது, அதையும் வாசலில் வைத்தே தட்டிக்கொண்டு போய்விட்டாள். இல்லை, இதை மட்டும் அவளுக்கு விட்டுக் கொடுக்க முடியாது.

"அவ லேட் இல்ல அத்தை" என்றாள் பெரியவள்.

"என்ன?"

"நான்தான் நேரத்தை மாத்தி எழுதினேன். ஃபோன் பண்ணிக் கூப்பிட்டிருக்கலாம், பண்ணல. ஆறு பேர்தான்னு சொன்னதும் பொய். எட்டுப் பேருக்கு ஒரே மேஜை இருந்துச்சு. நான்தான் பிரிச்சேன்."

கணவன் கரண்டியைக் கீழே வைத்தான். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியார் அவளையும் அவள் தலையிலிருந்த கிரீடத்தையும் பார்த்தார்.

"நீயேவா?" என்றார்.

அதே 'நீயே'. இந்தத் தடவை அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவள் ரொட்டியைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் படியிறங்கிப் பெஞ்சின் அருகே வந்து நின்றபோது முதலில் பார்த்தவன் குட்டி. "பெரிம்மா ராஜா" என்றான். கிரீடத்தைக் கழற்ற மறந்துபோனது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கழற்றினாள்.

"அத்தைகிட்ட சொல்லிட்டேன், எல்லாத்தையும்" என்றாள். தன் பெருந்தன்மை வீணானதற்குச் சின்னவள் நன்றாக வருத்தப்படட்டும் என்பதுபோல்தான் அதைச் சொன்னாள்.

"ஏன்க்கா? நான்தான் வேணாம்னேனே."

"நீ சொன்னா நான் கேக்கணுமா?"

கொழுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த கிரீடத்தைப் பார்த்தாள், ஒரு வறுவலை எடுத்துக் கடித்தாள். நாலு பேர் உட்கார்கிற பெஞ்ச் அது, நாலு பேரும் நிறைந்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் இடம் ஒதுக்குகிறவள் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னவள் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மகளுக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்தாள்.

"உக்காருங்கக்கா" என்றாள்.

இதிலும் அவளேதான் முந்திக்கொண்டாள். பெரியவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. உட்கார்ந்தாள்.